எடைக்குப் பிறகு போடுவது

நாலு மணிக்குப் பார்சல் எடுக்கிற சிக்கந்தர் வண்டியோடு வாசலில் வந்து நிற்பான், அதற்குள் பதினொரு பார்சலையும் கட்டியாக வேண்டும் என்று சாந்தாமணி ரெண்டரை மணிக்கே பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் மனசு ஒரு மாதிரி அடங்கியது. தினமும் அடங்குவதுதான். அட்டைப்பெட்டி இடது கைப்பக்கம், பழுப்பு டேப் வலது கைப்பக்கம், நடுவில் சமையல்கட்டுத் தராசு, முட்டிக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்த செல்போன். கணபதியில் அவளும் புருஷனும் குடியிருக்கும் இந்த மாடி வீட்டுக்கு மேற்கே ஒரு ஜன்னல் உண்டு. ஆடி மாசமானதால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அதில் நுழைந்து, அடுக்கின் உச்சியில் இருக்கிற பெட்டியின் மூடியை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. செல்போனில் ஆன்லைன் விற்பனைக் கம்பெனியின் அறிவிப்பு அப்படியே நின்றது. புதிய கட்டண அட்டவணை நாளை முதல் அமலுக்கு வருகிறது, இன்று மாலை ஆறு மணிக்குள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தாத விற்பனையாளர்களின் கடை மூடப்படும். மூன்று நாளாகப் பார்க்கிறாள். கீழே நீல நிறத்தில் ஒரு பட்டன், விரலை வா வா என்கிறது. அழுத்தினால் நஷ்டத்துக்கு விற்க வேண்டும். அழுத்தாவிட்டால் கடை இல்லை. கடை இல்லையென்றால் டவுன்ஹாலில் கொழுந்தன் சென்னியப்பனுடைய கடையில் பில் போடுகிற நாற்காலி. அவரும் இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் வேறு ஒரு பொண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆடிக் கழிவு நேரம், கூட்டம் தாங்கவில்லை என்றார். இரண்டு பக்கமும் சாயங்காலம்தான். நடுவில் பதினொரு பார்சல்.

முதல் பெட்டியை எடுத்தாள். கைப்பிடி, நெல்லூர். அட்டையை மடிக்கும்போது வருகிற அந்தச் சத்தம், காய்ந்த பப்பாளி இலையை மிதித்ததுபோல, அவளுக்கு எப்போதும் பிடிக்கும். அவள் விற்பது கிரைண்டர் சாமான். முழுக் கிரைண்டர் கிடையாது. பழைய டேபிள் கிரைண்டரை விட மனசில்லாமல் வைத்திருக்கிறவர்களுக்கு வேண்டிய உதிரிகள். பெல்ட்டு, மாவு வழிக்கிற பிளாஸ்டிக் தகடு, குழவிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஸ்டீல் கைப்பிடி. கிரைண்டர் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு மாடல் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள், வீட்டுக்காரர்கள் கிரைண்டரை மாற்றுவதில்லை, மாற்றவும் மாட்டார்கள், கல் பழகிவிட்டது என்பார்கள். புருஷன் வெள்ளிங்கிரி முப்பது வருஷமாக லேத் பட்டறையில் நிற்கிறவர். எந்தப் பழைய அளவுக்கு எந்தப் பட்டறையில் கைப்பிடி செய்து தருவார்கள் என்று அவருக்கு அத்துப்படி. மகள் கல்யாணமாகி ஓசூர் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டாக அம்மா பேரில் இந்த ஆன்லைன் கடையைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஏழு வருஷம் ஆகிறது. முதல் ஆர்டர் சண்டிகரிலிருந்து வந்தது, மீனலோசனி என்கிற பேருக்கு. சண்டிகரில் ஒரு மீனலோசனி தோசைக்கு அரைக்கிறாள், அவளுடைய குழவி ஆடுகிறது, அந்த ஆட்டம் கணபதியில் இருக்கிற தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தபோது சாந்தாமணிக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இப்போதும் விலாசம் ஒட்டும்போது ஒவ்வொரு பேரையும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். ஷிமோகா, சாவித்திரம்மா. புனே, எஸ். திருநாவுக்கரசு, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. லிஃப்ட் இல்லை என்பதை எதற்கு எழுதினார், டெலிவரிப் பையன் மேலே ஏற மாட்டான் என்ற பயமா, ஏறி வருகிறவன்மேல் இரக்கமா. இரக்கமாகத்தான் இருக்கும். பேரைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

தராசில் வைத்தாள். நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எப்போதும் அதேதான். கைப்பிடியும் திணித்த காகிதமும் பெட்டியும் ஒட்டின விலாசமும் சேர்த்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிராம், மூடி ஒட்டுகிற டேப்புக்கு ரெண்டு, ஆக நானூற்றுத் தொண்ணூற்று நாலு. செல்போனை எடுத்துத் தராசோடு ஒரு போட்டோ பிடித்தாள். இது எட்டு மாசமாகப் பழக்கம். ஐந்நூறு கிராமுக்குள் இருந்தால் கம்பெனி டெலிவரிக்கு நாற்பத்தாறு ரூபாய் பிடிக்கும், ஐந்நூறைத் தாண்டினால் எழுபத்து நாலு. எட்டு மாசமாக அவளுடைய கைப்பிடிப் பார்சல் ஒவ்வொன்றுக்கும் எழுபத்து நாலுதான் பிடிக்கிறார்கள். ஒரு கைப்பிடிக்கு முப்பத்தோரு ரூபாய் லாபம் நின்ற இடத்தில் இப்போது மூன்று ரூபாய் நிற்கிறது. புகார் போட்டாள். எங்கள் இயந்திரத்தில் ஐந்நூற்று மூன்று கிராம் வந்தது, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. போட்டோவோடு இன்னொரு புகார். ஐந்நூற்று மூன்று, முடித்துவைக்கப்பட்டது. நூறு புகாராவது இருக்கும். தன் வீட்டுத் தராசுமேல் சந்தேகம் வந்து, மளிகைக்கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கி வந்து நிறுத்துப் பார்த்தாள். சொல்லி வைத்தாற்போல் ஐந்நூறு காட்டியது. அப்புறம்தான் அவளுக்கு ஆங்காரம் பொங்கியது. அதெப்படி ஒவ்வொரு தடவையும் சரியாக மூன்று கிராம் தாண்டும்? கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தாற்போல மூன்றே மூன்று கிராம்? திருடுவது தெரியாத அளவுக்குக் கணக்காகத் திருடுகிறார்கள். நாளையிலிருந்து புதிய அட்டவணை. ஐந்நூறுக்குள் ஐம்பத்திரண்டு, தாண்டினால் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு என்றால் ஒவ்வொரு கைப்பிடிக்கும் கையிலிருந்து பத்தொன்பது ரூபாய் போட்டு, திருநாவுக்கரசுக்கு மூன்று மாடி ஏற்றி அனுப்ப வேண்டும். வருகிற ஆர்டரில் பாதிக்கு மேல் கைப்பிடி. விலையைக் கூட்டலாம், கூட்டினால் செல்போனில் அவள் கடைக்குக் கீழேயே ராஜ்கோட்டிலிருந்து விற்கிறவன் ஒருத்தன் காத்திருக்கிறான், அவன் கைப்பிடி தகரம் மாதிரி இருக்கும், ஆனால் இருநூற்று எழுபது ரூபாய்.

ரெண்டாவது பெட்டி. பெல்ட்டு, திண்டுக்கல். பெல்ட்டுக்குப் பிரச்னை இல்லை, நூற்றெண்பது கிராம்கூட வராது. விரல் தானாக மடித்தது. நாற்காலி ஞாபகம் வந்தது. கொழுந்தன் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவருடைய கடை பேக்கிங் சாமான் கடை, அட்டைப்பெட்டி, டேப்பு, பிளாஸ்டிக் கவர், கயிறு எல்லாம் மொத்த விலைக்கு. அதில் பதினாலு வருஷம் பில் போட்டாள். வீட்டு ஆளு என்றார்கள். வீட்டு ஆளுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்று கூச்சப்பட்டு யாருமே கொடுக்கவில்லை. தீபாவளிக்குப் பட்டுச்சேலை, மகள் காலேஜுக்குப் பீஸு, வெள்ளிங்கிரிக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள். கேட்டபோதெல்லாம். அந்தக் கேட்பது இருக்கிறதே, தொண்டையில் ஒரு இடம் உண்டு, அங்கே வந்து நின்றுகொள்ளும், ரெண்டு நாள் நிற்கும், அப்புறம்தான் வெளியே வரும். போன வாரம் சென்னியப்பன் வீட்டுக்கே வந்து, ஏ.சி. போட்டாச்சுங்க அண்ணி, நாற்காலியும் சுத்துற நாற்காலி மாத்தியாச்சு, எதுக்கு இந்தக் கம்பெனிக்காரனோட மல்லுக் கட்டிக்கிட்டு இருக்கீங்க என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சுத்துகிற நாற்காலி. எந்தப் பக்கம் சுற்றினாலும் சுவர்தான் தெரியும் அந்த இடத்தில். ஒரு பக்கம் காலண்டர், ஒரு பக்கம் சாமி படம், ஒரு பக்கம் மீட்டர் பெட்டி. அவர் போன பிறகு வெள்ளிங்கிரியிடம் என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து, அதையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் சொன்னார்: “உன்ற கடை. நீ சொல்றதுதான்.” அந்தச் சொல்லை இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டாள். உன்ற கடை. அந்த நாற்காலியில் பதினாலு வருஷம் இருந்தபோது அவளுக்கு ஒரு கனவு அடிக்கடி வரும், பில் புஸ்தகத்தில் எழுத எழுத மை வராமல் தாள் வெள்ளையாகவே போய்க்கொண்டிருக்கும். இந்த ஏழு வருஷத்தில் அந்தக் கனவு ஒருநாளும் வரவில்லை. திடீரென்று நேற்று வந்தது. இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டியைக்கூட அவள் கொழுந்தன் கடையில் வாங்குவதில்லை. காந்திபுரத்தில் ஒருத்தரிடம் ஒரு பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் அதிகம் கொடுத்து, அவர் வைத்திருக்கிற ஒரே தடிமனான அட்டையில் வாங்குகிறாள். கொழுந்தனிடம் வாங்கினால் காசு வாங்க மாட்டார். அவர் காசு வாங்காவிட்டால் இவள் மறுபடி வீட்டு ஆளு.

மூன்றாவது, மாவு வழிக்கிற தகடு, ஈரோடு. நாலாவது புனே, திருநாவுக்கரசுடைய கைப்பிடி. தராசு, போட்டோ, அப்புறம் டப்பாவிலிருந்து ஒரு ரப்பர் கால். இந்த ரப்பர் கால் சமாச்சாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன வருஷக் கடைசியில் ஒரு பட்டறையை மூடியபோது கிரைண்டருக்கு அடியில் வைக்கிற கறுப்பு ரப்பர் கால் ஒரு மூட்டை கிடைத்தது, கிலோ விலைக்கு. எந்த வீட்டுக் கிரைண்டரை எடுத்தாலும் நாலு காலில் ஒன்று தொலைந்திருக்கும், அந்த மூலைக்கு மடித்த காலண்டர் தாளோ தேங்காய் ஓட்டுத் துண்டோ முட்டுக்கொடுத்திருப்பார்கள். அதனால் ஒரு பார்சலுக்கு ஒரு கால், சும்மா, கொசுறு. காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் கிடைத்தால் மனசு குளிர்ந்துவிடும். உழவர் சந்தையில் காய் விற்கிற சூலூர்க்காரம்மா அப்படித்தான், கத்திரிக்காயைக் கறாராக நிறுத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று நம்மையும் பார்க்க வைத்து, பையில் கொட்டி, தராசைக் கீழே வைத்த பிறகு, போய்த் தொலை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பிடி கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் போடுவாள். நிறுத்துத் தருவதில் இல்லாத ருசி அந்தக் கறிவேப்பிலையில் இருக்கும். சாந்தாமணியின் கடைக்கு நாலரை நட்சத்திரம் ஏறினதே அந்த ரப்பர் காலால்தான். கேக்காமயே ஒரு கால் வந்துச்சுங்க, எங்க கிரைண்டர் இப்ப ஆடுறதில்ல என்று மதுரையிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். ஐதராபாத்காரர் ஒருத்தர் மட்டும் இந்தக் கறுப்பு உருண்டை என்ன, இதை எங்கே மாட்ட வேண்டும் என்று மூன்று தடவை கேட்டு எழுதினார். அதை நினைத்து இப்போதும் தனியாக இருந்து சிரித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே டேப்பை இழுத்து, புனே பெட்டியை மூடி ஒட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

வைத்த கை பாதியில் நின்றது. கால் போட்டோமா? டப்பாவிலிருந்து எடுத்தது ஞாபகம் இருக்கிறது, கத்திரிக்காய் ஞாபகம் இருக்கிறது, சூலூர்க்காரம்மாவின் மூக்குத்தி ஞாபகம் இருக்கிறது, போட்டது ஞாபகம் இல்லை. பாயைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். பெட்டியை ஆட்டிப் பார்த்தாள், கைப்பிடியைச் சுற்றிக் காகிதம் திணித்திருப்பதால் சத்தம் வரவில்லை. டேப்பைக் கிழித்தால் அட்டையும் சேர்ந்து உரியும், பெட்டி வீண். அவள் கெட்டிக்காரிதான், பட்டென்று ஒரு யோசனை தோன்றியது: தராசில் வைத்தால் தெரிந்துவிடுமே. நானூற்றுத் தொண்ணூற்று நாலைத் தாண்டிக் காட்டினால் கால் உள்ளே இருக்கிறது. வைத்தாள். எண் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. ஐந்நூற்று மூன்று. அப்பாடா, இருக்கிறது. பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஐந்தாவது விலாசத்தை உரித்தாள். நாகர்கோவில். நாகர்கோவில் ஜெபமணி. ஜெபமணி, ஜெபமணி. விலாசத்துத் தாள் விரலில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. ஐந்நூற்று மூன்று. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று முதலில் தோன்றியது, ஏதோ பஸ் நம்பர் மாதிரி, ஆஸ்பத்திரியில் ரூம் நம்பர் மாதிரி. அப்புறம் காற்று நின்றது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. பெட்டியை மறுபடி எடுத்து மறுபடி வைத்தாள். ஐந்நூற்று மூன்று. ஒரு ரப்பர் காலைத் தனியாக வைத்தாள். ஒன்பது. நானூற்றுத் தொண்ணூற்று நாலும் ஒன்பதும். பில் போட்ட கை, கூட்டுவதற்கு என்ன நேரமாகும்.

எட்டு மாசம். எட்டு மாசமாகத் தராசில் வைத்து, போட்டோ எடுத்து, தராசைத் தள்ளி வைத்துவிட்டு, அதற்கப்புறம் காலைப் போட்டிருக்கிறாள். வேறு எப்படிப் போடுவது? கொசுறை நிறுத்துப் போடுகிறவர்கள் உலகத்தில் உண்டா? தராசைக் கீழே வைத்த பிறகு போடுவதுதானே அது. நிறுத்துப் போட்டால் அது சரக்கு. சரக்காகிவிட்டால் அதற்கு ஒரு விலை வந்துவிடும், விலை வந்துவிட்டால் மதுரைக்காரிக்குக் கிரைண்டர் ஆட்டம் நிற்கும், ஆனால் மனசு குளிராது. இந்த நியாயமெல்லாம் கம்பெனி இயந்திரத்துக்கு எங்கே தெரியும், அது மூடின பெட்டியைத்தான் பார்க்கிறது, அதற்குக் கறிவேப்பிலையும் கனம், அன்பும் கனம். ஒரு காலுக்கு இருபத்தெட்டு ரூபாய். ஒரு ரூபாய் பெறாத ரப்பருக்கு இருபத்தெட்டு ரூபாய் வாடகை கொடுத்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறாள். காதோரம் சூடேறியது. நூறு புகார். என்னவெல்லாம் எழுதினாள். உங்க மெஷினைக் கொண்டுவந்து என் வீட்டில் வையுங்கள், நான் நிறுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு தடவை. ஏழை வயிற்றில் அடிக்காதீர்கள் என்று ஒரு தடவை; அதை மகளிடம் சொல்லி இங்கிலீஷில் எழுதி வாங்கி அனுப்பினாள். அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் போடுகிற பிள்ளை யாரோ, தினம் ஐந்நூற்று மூன்று, ஐந்நூற்று மூன்று என்று அடித்து அடித்துக் கை ஓய்ந்திருக்கும். இதைவிடப் பெரிய கூத்து அந்த வாட்ஸப் குரூப். அவளைப்போல வீட்டிலிருந்து விற்கிறவர்கள் நூற்றிருபது பேர் அதில் உண்டு. போன தை மாசம் ஒருநாள் ஆங்காரத்தில், கம்பெனித் தராசே கோணல், எல்லாரும் போட்டோ எடுத்து வையுங்கள் என்று குரலில் பதிவு செய்து போட்டுவிட்டாள். ஆமாக்கா எனக்கும் அப்படித்தான், எனக்கும் நாலு கிராம், எனக்கு ஏழு என்று மளமளவென்று சேர்ந்துவிட்டார்கள். தராசு அக்கா என்றே அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். தலையணை உறை விற்கிற ராணிப்பேட்டை ஃபௌசியா அவளை நம்பி ஒரே மாசத்தில் நாற்பது புகார் போட்டாள்.

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று நெஞ்சுக்குள் புரண்டது. சிரிப்பாகத்தான் முடிந்தது. ஏனென்றால் வெட்கத்துக்கு அடியில், மெதுவாக, தண்ணீர் ஊறுவதுபோல வேறொன்று வந்துகொண்டிருந்தது. கால் இல்லாவிட்டால் நானூற்றுத் தொண்ணூற்று நாலு. நாளைக்குப் புது அட்டவணையில் ஐம்பத்திரண்டு. முப்பத்தோரு ரூபாயில் ஆறு ரூபாய்தான் குறையும், இருபத்தைந்து நிற்கும். இருபத்தைந்து! எட்டு மாசமாக மூன்று ரூபாய்க்கு மாரடித்தவளுக்கு இருபத்தைந்து. கட்டணம் ஏறுகிறது என்று மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள், ஏறின பிறகு முன்னைவிட நன்றாக இருக்கப் போகிறாள். ஆனால் கைப்பிடி வாங்குகிறவனுக்குத்தான் கிரைண்டர் பழசு, அவனுக்குத்தான் கால் தொலைந்திருக்கும். பெல்ட்டு வாங்குகிறவனுக்குக் கால் கொடுத்து, கைப்பிடி வாங்குகிறவனுக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம். காலைப் பாதியாக வெட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், பாதிக் காலில் எந்தக் கிரைண்டர் நிற்கும். டேப்பைக் குறைக்கலாம், காகிதம் திணிப்பதைக் குறைக்கலாம், கைப்பிடி வழியில் பெட்டியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கண் மறுபடி மறுபடி அட்டையிலேயே போய் விழுந்தது. வெறும் பெட்டியைத் தராசில் வைத்தாள். அறுபத்திரண்டு. தடிமனான ஐந்து அடுக்கு அட்டை. மூன்று அடுக்கு அட்டை நாற்பதுக்கு மேல் போகாது, அதுவே தாங்கும். பதினாலு வருஷம் பார்த்திருக்கிறாள், எந்த அட்டை எதைத் தாங்கும் என்று விரலால் தட்டியே சொல்லிவிடுவாள். காலைப் போட்டாலும் நானூற்றெண்பத்தொன்றுதான் வரும். மூன்று அடுக்கு எங்கே கிடைக்கும் என்று யோசிக்கத் தேவையில்லை. தெரியும். தெரிந்ததால்தான் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு, ஜெபமணியின் பெட்டியை எடுத்து மடித்தாள். ஆறு, ஏழு, எட்டு என்று கை போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் காலைப் போட்டாள். இன்றைக்குப் பழைய கட்டணம்தானே, போகட்டும், கடைசியாக ஒருநாள் மூன்று ரூபாய்.

சிக்கந்தர் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தான். பார்சல்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டே, என்னக்கா மூஞ்சி ஜொலிக்குது, கம்பெனிக்காரன் பணத்தத் திருப்பிட்டானா என்று கேட்டான். திருப்பறதுக்கு அவன் எடுக்கவே இல்லையேப்பா என்றாள். அவனுக்குப் புரியவில்லை, புரிய வைக்கவும் அவளுக்கு அவசரமில்லை. அவன் போன பிறகு வெறும் பாயில் உட்கார்ந்து செல்போனை எடுத்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது. நூற்றிருபது பேர் முன்னால் தன் வாயாலேயே தன் மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஆனால் அந்த நூற்றிருபது பேரும் ஆறு மணிக்கு என்ன செய்வது என்று இதே நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சிலபேர் கடையை மூடியே விடுவார்கள், அதில் பாதிப் பேருக்குத் தராசு கோணல் என்று சொல்லிக் கொடுத்தது அவள். தொண்டையில் அந்தப் பழைய இடத்தில் வந்து நின்றது சொல். நிற்க விடாமல் மைக்கை அழுத்தினாள். “நான் சாந்தாமணி பேசறனுங்க. தராசு கோணல் இல்லீங்க. நாந்தான் நிறுத்ததுக்கப்புறம் ஒரு ரப்பர் காலு போட்டுட்டு இருந்திருக்கேன், கொசுறா. அது ஒம்பது கிராமுங்க. ஆறு மணிக்குள்ள நீங்களும் பெட்டிய மூடினதுக்கப்புறம் ஒருக்கா வெச்சுப் பாத்துருங்க.” அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே யாரோ தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார்கள். அப்புறம் போன் ஒருமுறை டிங் என்றது. நிமிர்த்திப் பார்த்தாள். ஃபௌசியா எழுதியிருந்தாள்: “அக்கா, நான் ஒரு பாக்கெட் சேஃப்டி பின் போடுவேன்.” அதற்குக் கீழே ஒருவர், ஒரு சின்ன சோப்பு. இன்னொருவர், பிள்ளைகளுக்கு ஒரு பலூன் பாக்கெட், பலூன்கூடவா கனம்? நான் ஒரு மஞ்சள் துண்டு வைப்பேன், நல்லதுக்கு. நான் நன்றின்னு ஒரு அட்டை. நான் கடலைமிட்டாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள், படிக்கப் படிக்க மேலே போய்க்கொண்டே இருந்தது, முப்பது நாற்பது பேர், முகம் தெரியாதவர்கள், ஊர் ஊராக எத்தனை வீட்டில் எத்தனை பேர் தராசைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைப் பெட்டிக்குள் விட்டிருக்கிறார்கள். எல்லாம் அவளைப்போன்ற பைத்தியங்கள். சிலபேருக்கு அது காரணமில்லை, நிஜமாகவே கட்டணம்தான் தாங்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் மனசு கனத்தது.

நாலே முக்காலுக்கு நீலப் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை, பச்சையாக ஒரு டிக் வந்து மறைந்தது. நாளை முதல் என்று ஆரம்பித்த அறிவிப்பு போய், அவள் கடைப் பக்கம் எப்போதும்போல வந்து நின்றது, புதிதாக ஒரு ஆர்டரோடு. கைப்பிடி ஒன்று, மைசூர். நாளைக்குக் கட்ட வேண்டும். வீட்டில் மிச்சமிருப்பது தடி அட்டை. யோசனையை விட்ட இடத்துக்கே மறுபடி வந்து நின்றாள். காந்திபுரத்துக்காரரிடம் மூன்று அடுக்கு கிடையாது, திருப்பூரிலிருந்து வரவழைத்தால் ஒரு வாரம். டவுன்ஹாலில் ரெண்டாவது ரேக்கில், கதவைத் திறந்ததும் வலது கைப்பக்கம், கட்டுக் கட்டாக இருக்கும். அவள் கையால் அடுக்கின ரேக். பயம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அந்தக் கடைக்குள் ஒரு காலை வைத்தால் மற்றக் காலும் தானாகப் போய்விடுமோ என்று. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். சிறுவாணித் தண்ணீர், தொண்டையில் ஒன்றும் நிற்கவில்லை, நேராக இறங்கியது. சென்னியப்பனுக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும், சொல்லுங்கண்ணி, நாளைக்கே வந்தர்றீங்ளா, நாளைக்கு நாளும் நல்லாத்தான் இருக்குது என்றார். பின்னால் கடைச் சத்தம் கேட்டது, டேப்பு கிழிகிற சத்தம், யாரோ கவர் எண்ணுகிற சத்தம்.

“இல்லீங்க தம்பி, அந்தப் பொண்ணையே வெச்சுக்குங்க. எனக்கு மூணு அடுக்கு அட்டைப்பெட்டி இருநூறு வேணும், எட்டுக்கு ஆறுக்கு மூணு. காலைல ஆட்டோல ஏத்தி விட்ருங்க.”

அவர், அதற்கென்ன, நம்ம கடை, எடுத்துக்குங்க, இதுக்குப் போயி என்று இழுத்தார். சாந்தாமணி ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டாள். காற்று மறுபடி வந்தது.

“எடுத்துக்கறதில்லீங்க, வாங்கறது. வெளி ஆளுக்கு என்ன ரேட்டோ அதையே போடுங்க. பில்லு கடை பேருக்கு.”

கடைப் பேர் என்ன என்று அவர் கேட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார். சொன்னாள். பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது, மேஜை டிராயரைத் திறந்து மூடினார், பிறகு அவர் குரல் கொஞ்சம் மாறி, தினமும் ஆயிரம் பேரிடம் பேசுகிற அந்த வியாபாரக் குரலில் வந்தது.

“ஜி.எஸ்.டி. நம்பர் சொல்லுங்க.”

பதினைந்து எழுத்து. எங்கேயும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. “முப்பத்தி மூணு,” என்று ஆரம்பித்தாள் சாந்தாமணி, அவர் எழுதி முடிக்கட்டும் என்று ஒவ்வொன்றாக, நிதானமாக.